வயதான பிறகு தொலைதூரத்தில் இருக்கும் அண்ணன், அக்கா, தம்பியை நேரில் போய்ப் பார்க்கத்தான் வேண்டுமா? வீடியோ கால் போதாதா?

கேள்வி கேட்டவர் நாற்பது, ஐம்பது வயதில் இருக்கும் மகனாகவோ மகளாகவோதான் இருக்க வேண்டும். நாட்டின் இன்னொரு கோடியில் இருக்கும் அக்காவைப் பார்க்கப் போகிறேன் என்று அம்மா அடம்பிடிக்கிறார், எப்படித் தடுப்பது என்று நேரடியாகக் கேட்கக் கூச்சப்பட்டு இப்படிக் கேட்டிருக்கிறார். என் ஊகம் தவறென்றால் மன்னிக்கவும். தவறாக இருக்காது. என் மகன் ஏறக்குறைய இதே சொற்களில்தான் என்னிடம் கேட்டான்.

எனக்கு 68 வயது. 34 வருஷம் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். நாங்கள் நாலு பேர். அக்காவுக்கு 79, அண்ணனுக்கு 74, எனக்கு அடுத்தவன் தம்பி, 61. கல்யாணம், வேலை, மாற்றல் என்று ஆளுக்கொரு திசையில் போய் அங்கேயே வேர்விட்டுவிட்டோம். நாலு பேரும் ஒரே கூரைக்குக் கீழே கடைசியாகத் தூங்கியது அம்மா போனபோது. அது ஆகிறது 10 வருஷம். அதைச் சந்திப்பு என்று சொல்ல முடியுமா என்ன? வந்தவர்களுக்கு நாற்காலி போடுவதும் பீரோ சாவியைத் தேடுவதுமாகவே இரண்டு நாள் ஓடிவிட்டது.

போன வருஷம் மூன்று வீட்டுக்கும் ஒரே சுற்றாகப் போய்வந்தேன். 26 நாள், தனியாக. இந்தப் பதிலை எழுதும் தகுதி எனக்கு அவ்வளவுதான்.

முதலில் வீடியோ கால் விஷயம். என் அக்கா வீடியோ காலில் வந்தால் அவள் நெற்றியும் மேலே சுற்றும் மின்விசிறியும்தான் தெரியும். போனை நிமிர்த்திப் பிடி என்றால் "ம், சரி" என்பாள். பிடிக்க மாட்டாள். உடம்பு எப்படி இருக்கிறது என்றால் "ம், நல்லா இருக்கேன்". இரண்டே நிமிஷம், "சரி, வச்சுடவா?" மூன்று வருஷமாக இதே கதை. ஒருநாள் "மாத்திரை போட்டியா?" என்று கேட்டேன். "யாத்திரையா? இந்த வயசுலயா?" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, பயம் வந்தது. புத்தி தடுமாறத் தொடங்கிவிட்டதோ என்று அன்றைக்கு ராத்திரி தூக்கமே இல்லை. அன்றைக்குத்தான் முடிவு செய்தேன்.

நேரில் போய் உட்கார்ந்த அரைமணி நேரத்தில் விஷயம் விளங்கிவிட்டது. புத்திக்கு ஒன்றுமில்லை, காதுதான். அதுவும் இடது காது ரொம்ப மோசம். போனை வைத்துக்கொள்வதோ எப்போதும் இடது கையில். வலது பக்கமாகப் போய் உட்கார்ந்து, முகத்துக்கு நேராக நிதானமாகப் பேசினேன். மூன்று மணி நேரம் பேசினாள். நான் எட்டாம் வகுப்பில் அவள் பேனாவைத் தொலைத்தது உட்பட எல்லாம் நினைவிருக்கிறது. தேதி சொல்லித் திட்டினாள்.

அவளைக் காது டாக்டரிடம் அழைத்துப் போனபோது அவர் சொன்னது இன்னும் மனதில் நிற்கிறது. வயதாகும்போது முதலில் போவது கீச்சென்ற உயர் ஒலிகள். உயிரெழுத்துகள் கனமானவை, அவை காதில் விழும். மெல்லிய மெய்யெழுத்துகள்தான் நழுவும். அதனால் ஆள் பேசுவது கேட்கும், என்ன பேசுகிறார் என்பது புரியாது. இரண்டு தரம் "என்ன, என்ன?" என்று கேட்டுவிட்டு மூன்றாம் தரம் கேட்க வெட்கப்பட்டு "ம், சரி" என்று சொல்லப் பழகிவிடுவார்கள். எதிரில் இருந்தால் உதட்டைப் பார்த்துச் சமாளிப்பார்கள். போனில், அதுவும் என் அக்கா பிடிக்கிற மாதிரி பிடித்தால், அதற்கும் வழியில்லை. இதைச் சும்மா விட்டால் மறதிநோய்க்கான வாய்ப்பும் கூடும் என்று லான்செட் மருத்துவ இதழ் அமைத்த நிபுணர் குழு 2020-லும் 2024-லும் எழுதியிருக்கிறது. மூன்று வருஷமாக என் அக்கா நல்லா இருக்கேன் என்று சொன்னது நான் கேட்ட கேள்விக்குப் பதிலே இல்லை. வீடியோ கால் போதுமா என்றால், இதுதான் என் பதில்.

"கூட இருக்கும் பிள்ளைகளுக்கு அது தெரியாதா?" என்று யாராவது பின்னூட்டத்தில் கேட்பீர்கள். தெரியவில்லை. அவர்களைக் குறை சொல்லவில்லை. தினமும் பார்க்கிறவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் குரலை உயர்த்திப் பழகிவிடுகிறார்கள். ஒன்பது வருஷம் கழித்துப் பார்க்கிறவளுக்குத்தான் பளிச்சென்று படும்.

இப்போது பயணம். என் மகன் தடுத்த விதத்தைச் சொல்லியாக வேண்டும். நீண்ட நேரம் உட்கார்ந்து பயணம் செய்தால் காலில் ரத்தம் உறையும், அந்த அபாயம் இரண்டு மடங்காகும் என்று ஒரு செய்தியை அனுப்பினான். கணக்கு டீச்சருக்கு அதை அனுப்பியிருக்கக் கூடாது. எதன் இரண்டு மடங்கு என்று தேடினேன். உலக சுகாதார அமைப்பு 2007-ல் வெளியிட்ட ஆய்வு அது. 4 மணி நேரமோ அதற்கு மேலோ அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் அபாயம் சுமார் இரண்டு மடங்காகிறது, விமானம் மட்டுமல்ல, ரயில், பஸ், கார் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும் என்கிறது. அதே அறிக்கையில், அப்படி இரண்டு மடங்கான பிறகும் அது சுமார் 6000 பேரில் ஒருவருக்குத்தான் என்றும் இருக்கிறது. மகன் முதல் பாதியை மட்டும் அனுப்பியிருந்தான்.

ஏற்கெனவே ரத்தம் உறைந்த அனுபவம் உள்ளவர்கள், சமீபத்தில் ஆபரேஷன் ஆனவர்கள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் கிளம்ப வேண்டாம். இதை எழுதாவிட்டால் என்னைப் பொறுப்பில்லாதவள் என்பீர்கள். நான் மணிக்கொரு தரம் எழுந்து நடந்தேன், உட்கார்ந்த இடத்தில் கணுக்காலை மடக்கி நீட்டினேன். காலுக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் செய்த முட்டாள்தனம் வேறு. கழிப்பறைக்கு அடிக்கடி எழ வேண்டுமே என்று தண்ணீரைக் குறைத்துவிட்டேன். இந்த வயதில் தாகமும் சரியாகத் தெரியாது. 31 மணி நேர ரயில் பயணம் முடிந்து இறங்கியபோது நடைமேடை சாய்ந்துகொண்டே போனது. என்னை அழைக்க வந்த அக்காவின் பேரன் பயந்துபோய்விட்டான். பெண்களில் பாதிப் பேர் இதைச் செய்கிறோம் என்பது என் சந்தேகம். வெளியில் சொல்ல மாட்டோம்.

டிக்கெட் எடுப்பதைப் பற்றியும் சொல்கிறேன். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்லாமல் விட மனசில்லை. என் வங்கிக் கணக்கு என் பெயரில், ஓய்வூதியம் என்னுடையது. ஆனால் கணக்கோடு இணைத்திருப்பது மகனின் போன் நம்பர். "உனக்கு எதுக்கும்மா தொல்லை" என்று எப்போதோ அவன் செய்த ஏற்பாடு. ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் ஓடிபி அவனுக்குப் போகும். அவன் மீட்டிங்கில் இருப்பான். அவன் வெளியே வந்து எண்ணை அனுப்புவதற்குள் நேரம் முடிந்து, கண்ணெதிரே கீழ்ப்படுக்கை போய்விடும். மூன்று தரம் இப்படி ஆனது. ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு மதிப்பெண் போட்டுக் கையெழுத்திட்டவள், என் பணத்தை எடுக்க ஆறு இலக்க எண்ணுக்காக மகனிடம் கையேந்தி நிற்கிறேன். அக்கறைதான், மறுக்கவில்லை. ஆனால் அனுமதி வாங்குகிற மாதிரியும் இருக்கிறது. பிள்ளைகளே, அம்மாவின் கணக்கில் யார் நம்பர் இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள்.

அப்புறம், அண்ணன் வீடு.

நான் போனபோது அவருக்கும் எனக்கும் 9 வருஷமாகச் சரியில்லை. அம்மா போன பிறகு, கூடியிருந்தவர்கள் முன்னால், "அம்மாவை வச்சுப் பார்த்துக்கிட்டது யாருன்னு எல்லாருக்கும் தெரியும்" என்று ஒரு வார்த்தை சொன்னார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. ஆனால் எனக்காகச் சொன்னது. அதன் பிறகு பிறந்தநாள் வாழ்த்தோடு சரி. அவர் வீட்டுக்குப் போன முதல் இரண்டு நாளும் அண்ணி வழியாகத்தான் பேசிக்கொண்டோம்.

மூன்றாம் நாள் ராத்திரி இரண்டு மணி இருக்கும். எழுந்து, என் வீட்டில் திரும்புகிற மாதிரியே வலது பக்கம் திரும்பினேன். என் வீட்டில் அங்கே குளியலறைக் கதவு. இங்கே அலமாரியின் மூலை. நெற்றி மோதி, கால் மடங்கி, அப்படியே தரையில் விழுந்தேன். சத்தம் கேட்டு அண்ணன் வந்தார். என்னைத் தூக்கப் பார்த்தார். அவருக்கு நுரையீரல் சரியில்லை, நாலடி வேகமாக நடந்தாலே இரைக்கும். என் கையைப் பிடித்து இழுத்தவர், மூச்சு வாங்கி, மெதுவாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு அவரும் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். இப்போது இரண்டு பேராலும் எழுந்திருக்க முடியாது.

"அண்ணியைக் கூப்பிடட்டா?" என்றார்.

"மணிக்கட்டு வலிக்குது, ஆனா விரல் ஆடுது. தூங்கட்டும் பாவம்" என்றேன்.

கொஞ்ச நேரம் அவர் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. இருட்டில் முகம் தெரியவில்லை. அப்புறம் சொன்னார்: "அம்மா கடைசில ராத்திரியெல்லாம் கூப்பிடுவா. உன் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவா. நான்தான் எழுந்து போவேன். என்னைப் பார்த்ததும் 'அவ வரலையா?'ன்னு கேப்பா."

நான் ஒன்றும் சொல்லவில்லை. என்ன சொல்வது? அந்தத் தரையின் குளிர்ச்சி இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. விடியும்வரை ஏதேதோ பேசிக்கொண்டிருந்தோம், பெரும்பாலும் அப்பாவின் சைக்கிளைப் பற்றி. ஐந்தரைக்கு அண்ணி எழுந்து வந்து, இரண்டு பேரும் தரையில் கிடப்பதைப் பார்த்து அலறிவிட்டார்.

எங்களைத் தூக்க அவர் முயலவில்லை, அதுதான் நல்லதாயிற்று. ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து எதிரில் போட்டார். ஒருக்களித்துத் திரும்பி, முட்டி போட்டு, நாற்காலியின் உட்காரும் பலகையில் முழங்கையை ஊன்றி, ஒரு காலை முன்னால் வைத்து எழுந்தேன். மணிக்கட்டில் வீக்கம், எலும்பு முறிவு இல்லை. வெளியிடத்தில் தங்கப் போகிறவர்கள் முதல் வேலையாகப் பகலிலேயே படுக்கையிலிருந்து கழிப்பறைக்கு நாலு தரம் நடந்து பாருங்கள். தலையணைக்கு அடியில் டார்ச் இருக்கட்டும். அன்றைக்கு டாக்டர் என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டபோது பெயர் தெரியாமல் விழித்தேன். கடையில் அட்டையை வெட்டிக் கொடுத்ததில் பெயர் இருந்த பகுதி போயிருந்தது. பெயர்களை ஒரு தாளில் எழுதிப் பையில் வையுங்கள்.

மகனிடம் விழுந்ததைச் சொல்லவில்லை. இந்தத் தளத்தில் அவன் இல்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

தம்பி வீட்டைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அவன் இன்னும் வேலைக்குப் போகிறான். பத்து நாள் தங்கினேன், நாலு நாள் தங்கியிருக்க வேண்டும். ஐந்தாம் நாள் முதல் அவன் மனைவியும் நானும் ஒருவரை ஒருவர் தொந்தரவு செய்யாமல் இருப்பதையே வேலையாகச் செய்துகொண்டிருந்தோம். பாசமாக எழுதவில்லையே என்று நினைக்காதீர்கள், உண்மை அப்படித்தான் இருந்தது.

"எல்லாருக்கும் இப்படி அண்ணன் அக்கா வாய்ப்பதில்லை, ஏமாற்றியவர்களையும் போய்க் கும்பிட வேண்டுமா?" என்று கேட்கப் போகிறவர்களுக்கு: வேண்டாம். உங்களைக் காயப்படுத்தியவர் வீட்டு வாசலில் போய் நிற்கச் சொல்லவில்லை. உடன்பிறந்தவர்களோடு சுமுகமாக இருப்பது மனநலத்துக்கு நல்லது என்று 1938-ல் தொடங்கிய ஹார்வர்ட் ஆய்வைக் காட்டித் தம்பி ஒரு செய்தி அனுப்பினான். 20 வயதுக்கு முன் அந்த உறவு சரியில்லாமல் இருந்தவர்களுக்கு 50 வயதுக்குள் கடும் மனச்சோர்வு வருவது அதிகமாக இருந்ததாம். அதில் ஆராயப்பட்டவர்கள் அத்தனை பேரும் ஆண்கள், அது சின்ன வயது உறவைப் பற்றியது, ஒன்றால்தான் மற்றது வந்தது என்றும் ஆகாது. அதைக் காட்டி யாரையும் கிளப்பிவிட மாட்டேன்.

என் கணக்கு எளிது. அண்ணனால் விமானத்தில் ஏற முடியாது. உள்ளே காற்றழுத்தம் 6000 முதல் 8000 அடி உயர மலையில் இருப்பது போலக் குறையும், இந்த நுரையீரலுக்கு அது ஆகாது என்று அவருடைய டாக்டர் சொல்லிவிட்டார். ரயிலில் இரண்டு நாள் அவருக்குத் தாங்காது. அக்காவுக்கு அறிவிப்புகள் கேட்காது, தனியாக அனுப்ப முடியாது. தம்பிக்கு விடுமுறை இல்லை. நாலு பேரில் இன்றைக்கு நகரக்கூடியவள் நான் ஒருத்திதான். என் முட்டி எத்தனை நாள் என்று எனக்குத் தெரியாது. உங்கள் அம்மா அடம்பிடித்தால், அவர்கள் கூட்டத்தில் யாரால் இன்னும் நகர முடிகிறது என்று ஒருதரம் எண்ணிப் பாருங்கள்.

அடுத்த மாதம் மறுபடி அக்கா வீடு. ஓடிபி இப்போது என் போனுக்கே வருகிறது. நேற்று வீடியோ காலில் தேதியைச் சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றியது. காது மிஷினை டப்பாவிலேயே வைத்திருக்கிறாள், மகராசி. கடைசியில் ஒரு தாளில் தேதியைப் பெரிதாக எழுதி கேமரா முன்னால் காட்டினேன். அந்தப் பக்கம் வழக்கம்போல நெற்றி மட்டும் தெரிந்தது. அது மேலும் கீழும் ஆடியது.