நதிக்கரைக் கிடங்கில் இசைக்கூடம்: ஈரச் சுவரை என்ன செய்வது?

கேள்வி: சிங்கப்பூர் நதிக்கரையில் உள்ள கிளார்க் கீயில் பழைய கிடங்கு ஒன்றை வாடகைக்கு எடுத்து, இரவு இசைக்கூடம் ஆக்குகிறோம். கீழ்த்தளச் சுவரில் இடுப்பளவுக்குப் பூச்சு உதிர்கிறது. சிமெண்ட் பூசி அதன்மேலேயே ஒலித்தடுப்புப் பலகை அறையலாம் என்கிறார் ஒப்பந்ததாரர். செய்யலாமா?

பதில்: தயவுசெய்து செய்யாதீர்கள். 2008-ல் கடல்நீரைத் தடுக்கும் மரினா அணைக்கட்டு வரும்வரை இந்த நதியில் கடல்நீர் ஏறி இறங்கியது. பழைய செங்கல்லுக்குள் அந்த உப்பு இன்னும் இருக்கக்கூடும். தரையிலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்புப் பூச்சு வழியே ஆவியாகிவிடும். சிமெண்ட் அந்த வழியை அடைத்தால், ஈரம் இன்னும் மேலே ஏறும். உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகிச் செங்கல்லின் முகத்தையே உடைக்கும். விரலால் தேய்த்துப் பாருங்கள்: செம்பொடி ஒட்டினால் அரிப்பு தொடங்கிவிட்டது.

முதலில் வெளியே பாருங்கள். மழைநீர்க் குழாய் ஒழுகுகிறதா, நடைபாதை உள்தரையைவிட உயர்ந்திருக்கிறதா? அதைச் சரிசெய்யாமல் உள்ளே என்ன பூசினாலும் வீண். பிறகு ஈரக்கோட்டுக்கு மேல் 30 முதல் 50 செ.மீ. வரை பூச்சைக் கொத்தியெடுத்து, வெண்ணுப்பை உலர் தூரிகையால் மட்டும் தள்ளுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து திரும்ப உள்ளே போகும். சுவரின் 25 மி.மீ. கனம் உலர ஒரு மாதம் என்பது தோராயக் கணக்கு. ஒன்றரைச் செங்கல் நீளக் கனமுள்ள சுவருக்கு ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். திறப்பு விழாத் தேதியை இதைப் பார்த்துக் குறியுங்கள். பூச்சுக்குச் சுண்ணாம்பு ஒரு பங்கு, கழுவிய மணல் மூன்று பங்கு, தடவைக்கு 10 மி.மீ. மேலே வெள்ளையடிப்பு போதும்; பிளாஸ்டிக் பெயிண்ட் கூடவே கூடாது.

பக்கத்துக் கடைக்குப் போகும் தொல்லை பெரும்பாலும் பேஸ் எனும் தாழ்சுருதி ஒலிதான். பொதுச்சுவரில் பலகையை அறைந்தால் அதிர்வு நேராக அதில் ஏறும். அதனால் சுவரைத் தொடாமல், 50 முதல் 100 மி.மீ. இடைவெளி விட்டுத் தனிச் சட்டம் நிறுத்துங்கள். உள்ளே கனிமக் கம்பளி, முகப்பில் மூட்டுகள் மாறி வரும்படி இரண்டடுக்கு ஜிப்சம் பலகை. ஒரே ஒரு திருகு பழைய சுவரைத் தொட்டாலும் அதிர்வுக்குப் பாலம் கிடைத்துவிடும். சுவரின் ஈரம் வெளியேற இடைவெளிக்குக் காற்று வேண்டும், ஆனால் வெறும் ஓட்டை ஒலியை வெளியே விட்டுவிடும். உட்புறம் கம்பளி ஒட்டிய வளைந்த காற்றுக்குழாய் வையுங்கள். சப்வூஃபருக்கு (பேஸ் ஒலிபெருக்கிக்கு) அடியில் அதிர்வு தாங்கும் ரப்பர் கட்டைகள் அவசியம்.

மேல்தளம் மரமென்றால், சுவருக்குள் புதைந்த உத்தர முனைகளைத் திருப்புளியால் குத்திப் பாருங்கள். சுலபமாக இறங்கினால் உளுத்துவிட்டது. நடனத்தளத்துக்குச் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 500 கிலோ சுமை கணக்கிடுவார்கள். கட்டமைப்புப் பொறியாளர் எழுத்தில் தராமல் யாரையும் மேலே ஆடவிட வேண்டாம்.

இந்தப் பகுதி 1989 முதல் பாதுகாக்கப்பட்ட வட்டாரம். ஒரு கல்லைத் தொடும் முன்பே நகர மறுசீரமைப்பு ஆணையத்திடம் என்னென்ன வேலைக்கு அனுமதி தேவை என்று கேட்டுவிடுங்கள்.