காட்பாடி பாடகர் குழு: கீர்த்தனையா, டிரம்ஸா?

சகோதரரே, தேவாலயப் பாடகர் குழுப் பொறுப்பு வந்து மூன்று மாதம், சனிக்கிழமை பயிற்சிக்கு நாலு பேர்தான், பெரியவர்கள் கீர்த்தனை கேட்கிறார்கள், வாலிபர்கள் டிரம்ஸ் கேட்கிறார்கள் என்று காட்பாடியிலிருந்து எழுதியிருந்தீர்கள். ராணிப்பேட்டையில் பல வருடம் குழு நடத்தியவன் நான். உங்கள் கவலை நன்றாகப் புரிகிறது.

நாலு பேர் போதும், தொடங்குங்கள். முதலில் சுருதியைப் பாருங்கள். கீபோர்டு வாசிப்பவர் யூடியூபில் கேட்ட அதே சுருதியில் எடுப்பார். அது தனியாகப் பாடிப் பழகிய குரலுக்கு ஏற்றது, சபைக்கு எட்டாது. கீபோர்டில் சுருதியை மாற்றும் டிரான்ஸ்போஸ் பட்டனில் இரண்டு மூன்று படி இறக்கிப் பாருங்கள். பின் வரிசை ஆண்களும் பாடத் தொடங்குவார்கள். எங்கள் சபையில் பாதி மனக்கசப்பு அங்கேயே தீர்ந்தது.

அப்புறம் கீர்த்தனை. வாலிபர்களுக்கு அது பிடிக்காமல் இல்லை, யாரும் சொல்லித்தரவில்லை. கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) போன்றவர்கள் கர்நாடக இசை முறையில், பல்லவி, சரணம் வைத்துப் பாடியவை இவை. புத்தகத்தில் பாட்டுக்கு மேலேயே ராகமும் தாளமும் போட்டிருக்கும். ஆதி தாளம் என்றால் எட்டு எண்ணிக்கை; எல்லோரும் கைதட்டிப் பழகட்டும். டிரம்ஸ் தம்பியையே அந்த எட்டுக்கு மெதுவாக வாசிக்கச் சொல்லுங்கள், ஒதுக்கி வைக்காதீர்கள்.

புதுப்பாட்டு மாதம் ஒன்று போதும். புத்தகம் பார்க்காமல் கீர்த்தனை பாடும் பாட்டியம்மா உங்கள் சபையிலும் இருப்பார். வரும் சனிக்கிழமை அவரை அழைத்து வந்து ஒரு பாட்டுச் சொல்லித்தரக் கேளுங்கள்.