லேசருக்குப் பிறகு தோல் பராமரிப்பு: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

தோல் மருத்துவமனையில் லேசர் அறைச் செவிலியராகப் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். கேள்வி அனுப்பியவர்கள்மேல் எனக்கு ஒரே ஒரு குறைதான். பாதிப் பேர் ‘லேசர் செய்துகொண்டேன்’ என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். எந்த லேசர்? முடி நீக்கும் லேசர் தோலின் மேற்பரப்பைப் பொதுவாகத் திறப்பதே இல்லை. கார்பன் டை ஆக்சைடு லேசரோ மேல்தோலை ஆவியாக்கிவிடும். முதலாவதுக்குச் சில நாள் கவனம் போதும், இரண்டாவதுக்கு மாதக்கணக்கில் வேண்டும். உங்களுக்குச் செய்தது எது என்று தெரியாவிட்டால் செய்த இடத்துக்கு போன் போட்டுக் கேளுங்கள். உங்கள் மருத்துவர் எழுதிக் கொடுத்ததும் நான் சொல்வதும் மாறுபட்டால், அவர் சொன்னதைச் செய்யுங்கள்.

கேள்வி: அக்கா, காலில் முடி நீக்க லேசர் செய்தேன். அன்றைக்கே ஒவ்வொரு முடியைச் சுற்றியும் சிவப்பாகப் புடைத்தது. அது அடங்கிவிட்டது, ஆனால் பத்து நாள் கழித்து முடி மறுபடி வளர்கிறது. பணம் வீணா?

வீணில்லை. வேர்க்கால்களைச் சுற்றி வந்த அந்தப் புடைப்பு, லேசர் சரியான இடத்தில் பட்டதற்கு அடையாளம். சில மணி நேரத்திலிருந்து இரண்டு நாளுக்குள் அடங்கிவிடும். இப்போது வளர்வதுபோல் தெரிவது, பெரும்பாலும் வெந்துபோன முடியைத் தோல் வெளியே தள்ளுவதுதான். ஒன்றிலிருந்து மூன்று வாரத்துக்குள் தானாக உதிரும். பிடுங்காதீர்கள். ஷேவ் செய்யலாம். வேக்சிங், த்ரெடிங் இரண்டும் அடுத்த முறை வரை வேண்டாம். லேசர் ஒளியை உள்வாங்குவது முடியிலுள்ள கருநிறம்தான். முடியையே வேரோடு எடுத்துவிட்டால் அடுத்த முறை ஒளி எதைப் பிடிக்கும்?

கேள்வி: பருத்தழும்புக்கு ஃப்ராக்ஷனல் கார்பன் டை ஆக்சைடு லேசர் செய்து இன்று மூன்றாம் நாள். முகம் வீங்கி, கண் திறக்கவே சிரமமாக இருக்கிறது. முதல் நாள் நீர் கசிந்தது. காற்றாட விட்டால் சீக்கிரம் காயும் என்கிறார்கள். விடலாமா?

விடவே கூடாது. இந்த ஒரு யோசனைதான் நான் பார்த்ததிலேயே அதிகக் கெடுதல் செய்தது. காய்ந்த தோலில் பொருக்குத் தட்டும். புதுத் தோல் செல்கள் அந்தப் பொருக்குக்கு அடியில் வழி தேடி நகர வேண்டியிருப்பதால் ஆறுவது தாமதமாகும். ஈரப்பதம் இருந்தால் வேகமாக மூடும்.

நாளுக்கு மூன்று நான்கு முறை, கையை நன்றாகக் கழுவிவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரை உள்ளங்கையில் அள்ளி முகத்தில் விடுங்கள். தேய்க்க வேண்டாம். பழைய பூச்சும் இளகிய பொருக்கும் தானாக வரும் அளவுக்கு வந்தால் போதும். சுத்தமான மெல்லிய துணியால் ஒற்றி எடுத்து, ஈரம் முழுக்கப் போவதற்குள் வாசனை சேர்க்காத பெட்ரோலியம் ஜெல்லியைப் பூசுங்கள். எவ்வளவு என்று கேட்டால், முகம் மினுமினுக்க வேண்டும், வழியக் கூடாது. பேசும்போது கன்னம் இழுப்பதுபோல் தெரிந்தால் பூச்சு போதவில்லை என்று அர்த்தம். டப்பாவுக்குள் விரலை விடாமல் சுத்தமான கரண்டியால் எடுங்கள்.

வீக்கம் இரண்டாம் மூன்றாம் நாளில்தான் உச்சத்துக்குப் போகும். காலையில் கண்ணைச் சுற்றி அதிகமாக இருக்கும். தலையணையை உயர்த்திப் படுத்தால் குறையும். முதல் ஓரிரு நாள் தெளிவான நீர் கசிவதும் இயல்பு. 2004-ல் வந்த ஃப்ராக்ஷனல் முறையில் லேசர் முகம் முழுவதையும் சுடுவதில்லை. பொடிப்பொடியான புள்ளிகளாகச் சுட்டு, இடையில் நல்ல தோலை விட்டுவைக்கிறது. அந்த நல்ல தோலிலிருந்து செல்கள் பரவுவதால் பொதுவாக ஒரு வாரத்துக்குள் மூடிவிடும். மூடியதும் ஜெல்லியை நிறுத்திவிட்டுச் சாதாரண மாய்ஸ்சரைசருக்கு மாறுங்கள். வாரக்கணக்கில் ஜெல்லியே பூசிக்கொண்டிருந்தால் பருவும் வெள்ளைப் பொரியும் வரும்.

கேள்வி: வீட்டில் ஆன்டிபயாட்டிக் களிம்பு மிச்சமிருக்கிறது. பாதுகாப்புக்குப் போடலாமே?

வேண்டாம். நியோமைசின், பேசிட்ராசின் போன்றவை சிலருக்கு ஒவ்வாமை தரும், அதுவும் திறந்த தோலில். பிறகு சிவப்பும் அரிப்பும் தொற்றா ஒவ்வாமையா என்று தெரியாமல் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: என் முகம் உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று, பழுப்புப் புள்ளிகளோடு இருக்கிறது. தோலைத் திறக்காத ஃப்ராக்ஷனல் லேசர்தான் செய்தார்கள். ஸ்க்ரப் போட்டால் போகுமா?

போகும், கூடவே கருமையும் வரும். அந்தப் புள்ளிகள் லேசர் பட்டு இறந்த செல்கள் மேலே ஏறி வருவதுதான். முகத்தில் ஒரு வாரம் போல ஆகும், கை கால்களில் இன்னும் கொஞ்சம் கூடுதலாக. விட்டுவிடுங்கள்.

கேள்வி: நான் மாநிறத்தைவிடக் கொஞ்சம் கறுப்பு. லேசருக்குப் பிறகு முகம் நன்றாகத் தெளிந்திருந்தது. நான்காவது வாரம் திடீரென்று அதே இடங்கள் கறுக்கின்றன. லேசர் என் முகத்தைக் கெடுத்துவிட்டதா?

பயப்படாதீர்கள். நம்மைப் போன்ற நிறத்தில் இது அடிக்கடி வருவதுதான். தோலுக்குள் நடந்த அழற்சிக்குப் பதிலாக மெலனின் செல்கள் அதிக நிறத்தைக் கொட்டுகின்றன. பெரும்பாலும் மூன்று நான்கு வாரம் கழித்துத்தான் தலைகாட்டும். அதனால்தான் ‘எல்லாம் ஆறிவிட்டது’ என்று சன்ஸ்கிரீனை விட்டவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். பெரும்பாலோருக்குத் தானாக மங்கும், ஆனால் மாதங்கள் எடுக்கும்.

கருமையைத் தூண்டுவது புற ஊதாக் கதிர் மட்டுமில்லை, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும்தான். சாதாரண வெள்ளை சன்ஸ்கிரீன் அதைச் சரியாகத் தடுக்காது. அயர்ன் ஆக்சைடு சேர்ந்த, தோல் நிறத்தில் இருக்கும் சன்ஸ்கிரீன் தடுக்கும். உங்கள் மருத்துவரைப் பாருங்கள், கருமையைக் குறைக்கும் அசெலாயிக் ஆசிட் அல்லது ஹைட்ரோகுவினோன் பூச்சு எழுதக்கூடும். கடையில் நீங்களாகவே ஸ்டீராய்டு கலந்த நிறமாக்கும் க்ரீம் வாங்கிப் போடுவதை மட்டும் செய்யாதீர்கள். முதலில் பளிச்சென்றுதான் இருக்கும். அப்புறம் தோல் மெலிந்து, ரத்த நாளங்கள் தெரிந்து, பருவும் கிளம்பி, நிறுத்தினால் முகம் எரியும். அந்த நிலைமையில் வருகிறவர்களைத் தேற்றுவது லேசர் காயத்தைத் தேற்றுவதைவிடக் கஷ்டம்.

கேள்வி: சன்ஸ்கிரீன் எந்த நாளிலிருந்து?

தோல் திறக்காத லேசர் என்றால் அன்றிலிருந்தே. திறந்திருந்தால், மூடிய பிறகு. அதுவரை வீட்டுக்குள் இருங்கள், வெளியே போனால் அகலமான தொப்பியும் குடையும். எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாமல், ஜிங்க் ஆக்சைடு உள்ளதாக இருந்தால் எரிச்சல் குறைவு. ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நீளமாகப் பிதுக்கினால் வரும் அளவு முகத்துக்கு வேண்டும். வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி. ஜன்னலோரம் உட்கார்ந்து வேலை செய்பவர்களும் போடுங்கள், புற ஊதாக் கதிரில் ஒரு வகையான யுவிஏ கதிரைச் சாதாரணக் கண்ணாடி உள்ளே விடும்.

கேள்வி: ரெட்டினால், வைட்டமின் சி, கிளைகாலிக் ஆசிட் எல்லாம் எப்போது தொடங்கலாம்?

லேசான லேசருக்கு ஒரு வாரம் போல விடுங்கள். கார்பன் டை ஆக்சைடு என்றால் சில வாரங்கள், மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகு. மூன்றையும் ஒரே நாளில் தொடங்கிவிட்டு எது எரிகிறது என்று என்னைக் கேட்காதீர்கள்.

கேள்வி: பச்சை குத்தியதை அழிக்க லேசர் செய்த இடத்தில் பெரிய கொப்புளம். ஊசியால் குத்தவா?

குத்தாதீர்கள். பச்சை அழிப்பில் கொப்புளம் சகஜம். தானாக உடைந்தால் மேல்தோலை வெட்டாமல் ஜெல்லி பூசி, ஒட்டாத கட்டுப் போடுங்கள். ரொம்பப் பெரிதாகி வலித்தால் மருத்துவமனையில் சுத்தமாக வடிப்பார்கள்.

கேள்வி: எதைப் பார்த்தால் உடனே ஓட வேண்டும்?

குறைய வேண்டிய வலி கூடிக்கொண்டே போனால். சீழ், நாற்றம், காய்ச்சல் இருந்தால். சின்னச் சின்னக் கொப்புளமோ புண்ணோ கொத்தாகக் கிளம்பினால். அது ஹெர்பிஸ் என்ற வைரஸ் தொற்றாக இருக்கலாம், முன்பு உதட்டோரம் வந்தவர்களுக்கு லேசர் மறுபடி கிளப்பிவிடும். அதனால்தான் முகம் முழுக்கச் செய்யும் முன் வைரஸ் எதிர்ப்பு மாத்திரை தருகிறார்கள். அப்புறம் முடி நீக்கிய இடத்தில் கருவி முனையின் வடிவத்திலேயே வட்டமாகவோ சதுரமாகவோ தடம் தெரிந்தால், அது தீக்காயம். அன்றைக்கே காட்டுங்கள், நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள். போட்டோவும் எடுத்து வையுங்கள்.

கேள்வி: பருவுக்கு ஐசோட்ரெட்டினோயின் மாத்திரை சாப்பிடுகிறேன். லேசர் கூடவே கூடாதா?

முன்பு எல்லா லேசருக்கும் ஆறு மாதம் காத்திருக்கச் சொல்வார்கள். 2017-ல் நிபுணர் குழு ஒன்று ஆய்வுகளைப் பார்த்துவிட்டு, முடி நீக்கும் லேசருக்கு அப்படிக் காக்க வைக்கப் போதிய ஆதாரம் இல்லை என்றது. முகம் முழுக்கத் தோலை உரிக்கும் லேசருக்கு அந்தத் தளர்வு இல்லை. சாப்பிடுவதை மறைக்காமல் சொல்லுங்கள்.

கேள்வி: கார்பன் டை ஆக்சைடு செய்து ஐந்து நாள். தாடி அரிக்கிறது, ஷேவ் செய்யலாமா?

பொருக்கு முழுக்கப் போய், தோல் மூடும் வரை பொறுங்கள். பிறகு முதல் சில முறை பிளேடு இல்லாமல் ட்ரிம்மர். ஆஃப்டர் ஷேவ் பாட்டிலை அலமாரியிலேயே விட்டுவிடுங்கள்.