டர்பனிலிருந்து கேப் டவுனுக்குக் காரில்: வீட்டாரிடம் திட்டு வாங்காமல் படம் எடுக்க எங்கே நிறுத்துவது?

கேள்வி: "டிசம்பர் பள்ளி விடுமுறையில் என்2 வழியாக ஐந்து நாளில் கேப் டவுன் போகிறோம். கூடவே என் அப்பா அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகள். படம் எடுக்க எங்கெங்கே நிறுத்தலாம்?"

இந்த மாதிரிக் கேள்விக்கு உடனே முப்பது இடங்களின் பட்டியல் வந்து விழும். பட்டியல் போடுகிறவர்கள் பின் சீட்டில் முட்டிவலி அம்மாவை உட்கார வைத்து ஓட்டியவர்களாகத் தெரியவில்லை. ஒரு நாளைக்கு இரண்டு நிறுத்தம் போதும். ஒன்று, பெட்ரோலுக்கோ சாப்பாட்டுக்கோ கார் எப்படியும் நிற்கவேண்டிய இடம். இன்னொன்று, வீட்டாரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளும் உங்கள் இடம். 'இரண்டுக்காகவா இவ்வளவு தூரம்' என்று யாராவது சண்டைக்கு வருவார்கள். வரட்டும், கணக்கைச் சொல்கிறேன். வண்டியை ஒதுக்க 5 நிமிடம், பெரியவர்கள் இறங்கிக் கால் நீட்ட 5, கழிப்பறை 15, படம் 20, பிள்ளைகளைப் பிடித்து மறுபடி பெல்ட் போட 10. நீங்கள் 'பத்தே நிமிடம்' என்று சொன்னது 55 நிமிடம் ஆகிறது. ஆறு நிறுத்தம் போட்டால் ஐந்தரை மணி நேரம் போயிற்று.

இடம் தேர்ந்தெடுக்கும் முன் கடல் எந்தப் பக்கம் வருகிறது என்று பாருங்கள். இங்கே நாம் இடப்பக்கம் ஓட்டுகிறோம். டர்பனிலிருந்து தெற்கே இறங்கி மேற்கே திரும்பும் என்2-வில் கடல் கடைசிவரை இடக்கைப் பக்கம்தான். கடலோரக் காட்சிமேடைகள் போகும்போது உங்கள் ஓரத்திலேயே வரும், இண்டிகேட்டர் போட்டு நுழைந்தால் முடிந்தது. திரும்பும்போது அதே இடத்துக்கு எதிரே வரும் லாரிகளைக் குறுக்கே வெட்டிப் போகவேண்டும். வில்டர்னெஸ் ஊரைத் தாண்டி ஜார்ஜ் பக்கம் ஏறும் வளைவில் உள்ள டால்பின் பாயின்ட் அப்படிப்பட்டது. 'வரும்போது பார்த்துக்கலாம்' என்று அதைத் தள்ளிப்போடாதீர்கள். கடலைப் போகும்போது முடியுங்கள். மலையும், கரூ என்ற வறண்ட உள்நாட்டுப் பகுதியும் திரும்பும் வழிக்கு. இடப்பக்கப் பின் சீட்டைக் காமிராக்காரருக்குக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டுபவரும் அவரே என்றால் முறை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள். ஓட்டிக்கொண்டே படம் எடுப்பதைப் பற்றிப் பேச எனக்கு விருப்பமில்லை.

அடுத்தது சூரியன். இரண்டு ஊருக்கும் கடிகாரம் ஒன்றுதான், வெளிச்சம் ஒன்றல்ல. டிசம்பர் கடைசியில் டர்பனில் ஏறத்தாழ 4:50-க்கு விடிந்து 7 மணிக்குள் அடைந்துவிடும். கேப் டவுனில் 5:30-க்கு விடிந்து 8 மணி வரை வெளிச்சம் இருக்கும். டர்பன் பழக்கத்தில் இரவுச் சாப்பாட்டை 7-க்கு வைத்தால் கேப் டவுனின் நல்ல வெளிச்சம் முழுக்க உணவகத்துக்குள்ளேயே தீர்ந்துவிடும். அங்கே சாப்பாடு 6-க்கு, அல்லது 8:30-க்கு. மேற்கே ஓட்டுவதால் காலையில் சூரியன் முதுகுப் பக்கம், 5 மணிக்கு மேல் முன்கண்ணாடியில் நேராக அடிக்கும். விடிந்ததும் கிளம்பி 3 மணிக்குள் ஓட்டத்தை முடித்துக்கொள்ளுங்கள்.

தெற்குக் கரையில் இன்னொரு வசதி உண்டு. நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. கடலைப் பார்த்து நின்றால் அது உங்கள் முதுகுப் பக்கம். அதனால் உச்சிவெயிலில் காமிராவைத் தொடாதே என்ற பாடம் இங்கே கடலுக்குப் பொருந்தாது. லென்ஸின் முன்னால் போலரைசர் வடிகட்டி மாட்டினால் நீலம் ஆழமாக வரும். காலை மாலையில் 24 மி.மீ.க்குக் குறைந்த அகல லென்ஸில் அதே போலரைசரைப் போட்டால் வானத்தில் ஒரு பக்கம் மட்டும் கருத்துத் திட்டு விழும், அப்போது கழற்றிவிடுங்கள். முகங்களுக்கோ உச்சிவெயில் ஆகவே ஆகாது, கண்குழி இரண்டும் இருண்டுவிடும். ஆட்களை மர நிழலுக்குக் கூப்பிடுங்கள்.

முதல் நாள் டர்பனிலிருந்து ஈஸ்ட் லண்டன் வரை சுமார் 650 கி.மீ. அன்று காமிரா பையிலேயே கிடக்கட்டும். இசிப்பிங்கோ மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டுத்தான் கிளம்பவேண்டும் என்று அம்மா சொன்னால் முந்தின நாள் மாலையே போய்விட்டு வாருங்கள். கோக்ஸ்டாட்டுக்கு அப்பால் சாலையோரம் வேலி இல்லாத நீண்ட பகுதிகள் வரும். மாடும் ஆடும் சாலையில் நிற்கும், இருட்டில் தெரியாது. அங்கே மஞ்சள் கோட்டுக்கு வெளியே ஒதுக்கி நிறுத்திப் படம் எடுக்காதீர்கள், கெய் கட்டிங்ஸ் இறக்கத்தில் நிறுத்தவே நிறுத்தாதீர்கள். பெட்ரோல் நிலையத்தில் மட்டும் நிறுத்துங்கள். ரொட்டி ரோலும் சமூசாவும் காரிலேயே இருக்கட்டும்.

உம்தாதா தாண்டி குனு வரும், மண்டேலா சிறுவயதில் வளர்ந்த ஊர். குன்றுகளில் பச்சை நீல வண்ணம் பூசிய வட்ட வீடுகளைப் பார்த்ததும் கை துறுதுறுக்கும். அவை ஆட்கள் வாழும் வீடுகள். ஒருவர் என்றால் 'மோலோ', பலர் என்றால் 'மோல்வெனி' என்று சொல்லிவிட்டுக் கேளுங்கள், பிறகு எடுங்கள். முகத்தில் வெள்ளைக் களிமண் பூசி, போர்வை போர்த்திய இளைஞர்கள் சாலையோரம் தென்பட்டால் காமிராவைத் தூக்கவே வேண்டாம். டிசம்பர் கோசா மக்களின் ஆண்பிள்ளைச் சடங்குக் காலம், அந்தப் பையன்கள் காட்சிப்பொருள் அல்ல. சொல்ல வந்ததற்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன்: நம் தைப்பூசக் காவடியில் மட்டும் என்ன வாழ்கிறது? அலகு குத்தும்போது ஒரு அடி தூரத்தில் ஃபிளாஷ் அடிக்கிறார்கள், அருள் வந்து ஆடும் பெண்பிள்ளையை ஒரு நிமிட வீடியோவாக்கி அன்றைக்கே ஊர் முழுக்க அனுப்புகிறார்கள். தடுத்துக் கேட்டால் 'கோயில் பொது இடம்தானே' என்று பதில் வருகிறது. இப்படி இருக்கும் நாம் அடுத்தவர் சடங்கில் காமிராவை நீட்ட யோக்கியதை உள்ளவர்களா என்று தெரியவில்லை. சரி, சாலைக்கு வருவோம்.

இரண்டாம் நாள் அட்டோ யானைப் பூங்கா. 1931-இல் தொடங்கியது. என்2-விலேயே கோல்செஸ்டர் பக்கத்தில் இருக்கும் தெற்கு வாசல் வழியாக நுழைந்து வடக்கே முதன்மை முகாமில் வெளியேறினால் வந்த வழியே திரும்பவேண்டாம். உள்ளே வேகம் மணிக்கு 40 கி.மீ.தான், நின்று நின்று போக 2, 3 மணி நேரம் வையுங்கள். வெயில் கொளுத்தும் நாளில் நண்பகலிலேயே யானைகள் ஹாப்பூர் குட்டைக்கு வரும். மழை பெய்த மறுநாள் புதருக்குள்ளேயே தண்ணீர் தேங்கியிருப்பதால் அங்கே காத்திருப்பது வீண். காரை விட்டு இறங்கக் கூடாது, ஆகவே ட்ரைபாட் உதவாது. காலித் துணிப்பை ஒன்றை எடுத்துப்போய் வழியில் 2 கிலோ அரிசியோ பட்டாணியோ வாங்கி நிரப்பி, ஜன்னல் கண்ணாடியை இறக்கி அதன்மேல் வைத்து லென்ஸைக் கிடத்துங்கள். வேலை முடிந்ததும் சமைத்துவிடலாம். எஞ்சினை அணைக்காவிட்டால் 400 மி.மீ.யில் அதிர்வு தெரியும். யானைக்கு ஷட்டர் வேகம் 1/500 போதும். ஆரஞ்சு, எலுமிச்சை, நார்த்தை எதுவும் காரில் இருக்கக் கூடாது. ஒரு காலத்தில் யானைகளுக்கு ஆரஞ்சு போட்டுப் பழக்கியதன் வினை அது. எலுமிச்சை ஊறுகாயை என்ன செய்வது என்று கேட்காதீர்கள், மாங்காய் ஊறுகாய் எடுத்துப்போங்கள். சாலையில் கிடக்கும் சாணத்தின் மேல் ஏற்றாதீர்கள், பறக்காத சாணவண்டு அதில்தான் இருக்கும். அதைத் தாழ்வாகக் குனிந்து எடுக்க ஆசைப்பட்டாலும் கதவைத் திறக்கக் கூடாது.

மூன்றாம் நாள் சிட்சிகாமா கடலோரக் காட்டுப் பகுதி. கிழக்கிலிருந்து வரும்போது முதலில் ஸ்டார்ம்ஸ் ரிவர் பாலம் வரும், 1956-இல் கட்டியது. பக்கத்திலேயே பெட்ரோல் நிலையம், கழிப்பறை, சாப்பாடு எல்லாம் உண்டு. கார் நிற்கவேண்டிய இடமும் உங்கள் இடமும் ஒன்றாக அமைவது இங்கேதான். ஆற்று முகத்துவாரத்தில் இருக்கும் தொங்கு பாலம் வேறு, குழப்பிக்கொள்ளாதீர்கள். அதற்கு என்2-விலிருந்து சுமார் 10 கி.மீ. உள்ளே போய், பூங்காக் கட்டணம் கட்டி, மரப்பாதையிலும் படிகளிலும் ஏறத்தாழ 1 கி.மீ. நடக்கவேண்டும். திரும்பவும் அதே தூரம். பெரியவர்களைக் கீழே கடலைப் பார்த்திருக்கும் உணவகத்தில் உட்கார வைத்துவிட்டு, ஒன்றரை மணி நேரம் என்று நேர்மையாகச் சொல்லிவிட்டுப் போங்கள். 77 மீட்டர் நீளப் பாலம் ஆள் நடந்தால் ஆடும். அதன்மேல் ட்ரைபாட் வைத்து நீண்ட எக்ஸ்போஷர் எடுத்தால் ஒன்றும் தேறாது. கையில் பிடித்து 1/250 வையுங்கள், அலையைப் பட்டுப்போல் எடுக்க ஆசையிருந்தால் கரைப் பாறையில் நின்று, வெளிச்சத்தைக் குறைக்கும் 6 ஸ்டாப் என்டி வடிகட்டியோடு அரை விநாடி வையுங்கள். பாலத்தில் வீட்டார் நிற்கும் படம் வேண்டுமென்றால் நீங்கள் கரையிலேயே நில்லுங்கள். பாலத்துக்கு மேலேயே நின்று எடுத்தால் கம்பியும் தலையும்தான் விழும்.

ப்ளாவ்க்ரான்ஸ் பாலம் 216 மீட்டர் உயரம். கயிறு கட்டிக்கொண்டு பஞ்சி குதிப்பவர்களைப் பார்க்க அங்கே மேடை உண்டு. 200 மி.மீ. லென்ஸ், 1/1000. பிள்ளைகள் அங்கிருந்து கிளம்பவே மாட்டார்கள், அதனால் அன்றைய இரண்டாவது நிறுத்தமாக இதையே வைக்கலாம்.

நான்காம் நாள் நைஸ்னாவில் கிழக்கு ஹெட் மேட்டிலிருந்து கழிமுகத்தைப் பார்க்கலாம், கார் கிட்டத்தட்ட மேல்வரை போகும். அன்று இரவு வில்டர்னெஸில் தங்கினால், மறுநாள் காலையிலேயே டால்பின் பாயின்ட் கிடைத்துவிடும். காய்மன்ஸ் ரயில் பாலம் அங்கிருந்து மேற்கே தெரிவதால் காலை வெயில் அதன்மேல் நேராக விழும். பழைய படங்களில் புகை விட்டுக்கொண்டு நீராவி வண்டி போகும். 2006 வெள்ளத்தில் பாதை சரிந்த பிறகு அந்தச் சேவை நின்றுவிட்டது, காத்திருக்காதீர்கள்.

கடைசி நாள் நேராக என்2-வில் கேப் டவுனுக்குள் இறங்காமல் பாட் ரிவரில் ஆர்43-க்குத் திரும்பி ஆர்44-ஐப் பிடியுங்கள். கிளைன்மாண்ட், பெட்டிஸ் பே, ரூய் எல்ஸ், பிறகு கோர்டன்ஸ் பே. பெட்டிஸ் பேயில் பென்குவின்கள் இருப்பதால் பிள்ளைகள் மறுபேச்சுப் பேசமாட்டார்கள். ரூய் எல்ஸ் முதல் கோர்டன்ஸ் பே வரை சுமார் 20 கி.மீ. மலையைக் குடைந்த சாலை. கடல் இப்போதும் இடப்பக்கம், ஒதுங்க இடங்கள் நிறைய. நீங்கள் வடக்கே போவதால் சாயங்கால வெயில் கண்ணில் குத்தாமல் பக்கவாட்டில் விழும். 3 மணி விதியை மீற இந்த ஒரு நாளுக்கு மட்டும் அனுமதி.

முகங்களைப் பற்றி ஒரு வார்த்தை. பளிச்சிடும் கடலுக்கு முன்னால் நம்மவரை நிறுத்தி ஆட்டோவில் அழுத்தினால் முகம் கரிக்கட்டையாக வரும். குறை நம் நிறத்தில் இல்லை, பின்னணி வெளிச்சத்தைப் பார்த்து மீட்டர் ஏமாறுகிறது. ஒரு புள்ளியில் மட்டும் வெளிச்சத்தை அளக்கும் ஸ்பாட் மீட்டரை முகத்தில் வையுங்கள், அல்லது எக்ஸ்போஷரை 1 ஸ்டாப் கூட்டுங்கள், இல்லையென்றால் ஃபிளாஷை 1 ஸ்டாப் குறைத்துப் போடுங்கள். குடும்பப் படத்துக்கு 35 மி.மீ., எஃப்8, 1/250. குவியம் முன்வரிசைக் கண்ணில். அதை நாளின் முதல் நிறுத்தத்திலேயே எடுத்துவிடுங்கள், மூன்று மணிக்கு மேல் எந்தப் பிள்ளையும் சிரிக்காது.

குளிர்ந்த காரிலிருந்து ஈரக்காற்றுக்குள் இறங்கினால் லென்ஸில் பனி படியும், துடைத்தாலும் மறுபடி படியும். நிறுத்தம் வருவதற்குப் பத்து நிமிடம் முன்பே ஏசியை அணைத்து ஜன்னலைத் திறந்துவிடுங்கள். பையை நீங்கள் வந்து சேரும் முன்பே டிக்கியில் வைத்துவிடுங்கள், காட்சிமேடையில் இறங்கி எல்லோரும் பார்க்க டிக்கிக்குள் வைப்பது திருடனுக்கு இடம் காட்டுவதுதான். ரிமோட்டை அழுத்தியபின் கைப்பிடியை ஒருமுறை இழுத்துப் பாருங்கள், சமிக்ஞையைத் தடுக்கும் கருவியோடு சுற்றுபவர்கள் உண்டு. கார் பார்த்துக்கொள்பவருக்குச் சில்லறை எடுத்து வையுங்கள். ட்ரோன் எதற்கும் உதவாது: தேசியப் பூங்காக்களில் தடை, வெளியிலும் ஆட்களுக்கு 50 மீட்டருக்குள் பறக்க விடக்கூடாது. டர்பனிலேயே விட்டுவிட்டு வாருங்கள், பையில் இடம் மிச்சம்.

கேப் டவுனில் மேசைமலையை ப்ளாவ்பெர்க் கடற்கரையிலிருந்து எடுப்பீர்கள். கோடையில் தென்கிழக்குக் காற்று மணலை வாரி அடிக்கும். லென்ஸை காரிலேயே மாட்டிக்கொண்டு இறங்குங்கள், அங்கே மாற்றாதீர்கள். மலைமேல் மேகத்துணி விரிந்திருந்தால் கேபிள் காரும் காற்றுக்காக நிறுத்தப்பட்டிருக்கலாம், பிள்ளைகளிடம் வாக்குக் கொடுக்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

திரும்பும்போது என்1. போஃபர்ட் வெஸ்டிலிருந்து ஆர்61-இல் கிளைத்து கிராஃப்-ரைனெட் போனால் 'வேலி ஆஃப் டெசலேஷன்' இருக்கிறது, 120 மீட்டர் உயரப் பாறைத் தூண்கள். மேலே வரை தார்ச்சாலை, நடை குறைவு, அம்மாவும் வரலாம். மாலை வெயிலுக்குப் போங்கள், ஆனால் வாசல் மூடும் நேரத்தை உள்ளே நுழையும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.