அந்தப் பாட்டு இன்றைக்கு வந்திருந்தால்?

அன்புள்ள சார்,

எண்பதுகளின் ஆங்கிலப் பாப் பாட்டுகளை இன்றைக்குப் புதிதாக வெளியிட்டால் யாரும் சீந்தமாட்டார்கள், எல்லாம் பழைய நினைப்பு தரும் மயக்கம்தான் என்கிறான் நண்பன். நல்ல பாட்டு எப்போது வந்தாலும் நிற்கும் என்பது என் கட்சி. நீங்கள் எந்தப் பக்கம்?

கே.

அன்புள்ள கே.,

உங்கள் பக்கம் பேசத்தான் ஆசை. ஆனால் 'எப்போது வந்தாலும்' என்பதை அ-ஹா குழுவின் 'டேக் ஆன் மீ' ஒன்றே உடைத்துவிடுகிறது. நார்வேக்காரர்கள் மூன்று பேர். 1984இல் வெளியிட்டார்கள், பிரிட்டனில் எடுபடவில்லை. தயாரிப்பாளரை மாற்றி மறுபடி ஒலிப்பதிவு செய்து 1985இல் விட்டார்கள், அதுவும் படுத்துவிட்டது. அப்புறம்தான் ஸ்டீவ் பாரன் இயக்கிய அந்தப் பென்சில் ஓவிய வீடியோ, படம்பிடித்த காட்சிகளின் மேல் ஃப்ரேம் ஃப்ரேமாகக் கையால் வரைந்து மாதக்கணக்கில் செய்தது. அதே ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவில் முதலிடம். தன் சொந்தக் காலத்திலேயே இரண்டு தடவை தோற்ற பாட்டு சார் அது!

அதற்காகப் பாட்டில் சரக்கு இல்லை என்று சொல்லமாட்டேன். பல்லவியை மட்டும் கேளுங்கள். குழுவின் பாடகர் மோர்ட்டன் ஹார்க்கெட் அடிக்குரலில், கிட்டத்தட்ட முணுமுணுப்பாகத் தொடங்குகிறார், வரிக்கு வரி ஏறிக்கொண்டே போய்க் கடைசியில் கள்ளக்குரலில் உச்சத்தைத் தொட்டு அங்கேயே இழுத்து நிற்கிறார். குளியலறையில் முயன்றால் எந்தப் படியில் நம் தொண்டை கைவிடுகிறது என்று தெரிந்துவிடும் (எனக்கு இரண்டாவது வரி). வீடியோ ஆளைக் கூட்டிவந்து உட்காரவைத்தது என்பது சரி, எழுந்து போகவிடாமல் பிடித்தது இந்த ஏற்றம்தான்.

உங்கள் நண்பருக்கும் பதில் ஒன்று இருக்கிறது. பிரிட்டிஷ் பாடகி கேட் புஷ்ஷின் 'ரன்னிங் அப் தட் ஹில்' 1985இல் பிரிட்டனில் மூன்றாம் இடம் வரை போனது. 2022இல் 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடரில் அதைப் போட்டார்கள், 37 வருஷம் கழித்து அதே ஒலிப்பதிவு முதலிடத்துக்கு வந்தது. தேடித் தேடிக் கேட்ட பிள்ளைகள் பலர் 1985இல் பிறக்கவே இல்லை, அவர்களுக்கு எங்கிருந்து வரும் பழைய நினைப்பு? ஆனால் அதற்கும் ஒரு தொடர் தோள் கொடுக்கவேண்டியிருந்தது, அதை மறைத்துப் பேசக்கூடாது.

மற்றபடி சில்லறை மாற்றங்கள் இருக்கும். ஸ்பாட்டிஃபையில் 30 வினாடி ஓடினால்தான் ஒரு தடவை கேட்டதாகக் கணக்கு, ஹார்க்கெட்டோ அரை நிமிஷம் தாண்டியும் வாய் திறப்பதில்லை. இன்றைக்கென்றால் அந்த முன்னிசையில் நிச்சயம் கத்தரி விழும்.

எனக்குப் பெரிய சிக்கலாகப் படுவது வேறு. அந்த சிந்தசைசர் (மின்னணு இசைக்கருவி) சத்தம் இப்போது எங்கேயும் இருக்கிறது, 'தி வீக்கெண்ட்' என்ற பெயரில் பாடும் கனடாக்காரரின் 2019ஆம் ஆண்டுப் பாட்டு 'பிளைண்டிங் லைட்ஸ்' அந்த வீட்டுப் பிள்ளைதான். அதனால் 'டேக் ஆன் மீ' நாளைக்கு முதன்முறையாக யூடியூபில் ஏறினால், கீழே ஒரு பையன் 'வீக்கெண்ட் காப்பி' என்று எழுதிவிட்டுப் போவான்.