கணினி கேள்வி–பதில்: எழுத்து பெரிதாக வேண்டும், மங்கக் கூடாது

கேள்வி: திருமங்கலத்தில் ஆன்லைன் விண்ணப்பங்கள் பதிந்து தரும் கடை வைத்திருக்கிறேன். 18.5 அங்குல மானிட்டர். எழுத்து பொடியாகத் தெரிகிறதே என்று ரெசல்யூஷனை (திரையின் அகல, உயரப் புள்ளிக் கணக்கை) 1024×768 ஆக்கினேன். எழுத்து பெரிதானது, ஆனால் மங்கலாகிவிட்டது. படிவத்தின் வலது ஓரமும் வெட்டுப்படுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் ரெசல்யூஷனைப் பழையபடி வையுங்கள். 18.5 அங்குல எல்.சி.டி., எல்.இ.டி. மானிட்டர்களில் பெரும்பாலும் 1366×768 புள்ளிகள்தான். அந்தப் புள்ளிகள் பேனலிலேயே பதிந்தவை. கூடவோ குறையவோ செய்யாது. 1024×768 கொடுத்தால் உயரம் சரியாகப் பொருந்திவிடும். அகலத்தில் மட்டும் மூன்று புள்ளிக்கான படத்தை நான்கு புள்ளியில் இழுத்துப் பரப்ப வேண்டியிருக்கும். அதனால்தான் எழுத்தின் செங்குத்துக் கோடுகள் கலங்குகின்றன, ஒட்டிய போட்டோவில் முகம் பருத்துத் தெரிகிறது. தமிழ் எழுத்தில் இது கூடுதல் தொல்லை: ‘ன’வும் ‘ண’வும் சட்டென்று பிரிந்து தெரியாது. அடுத்தவர் பெயரைப் பதிகிற வேலையில் இது சின்ன விஷயமில்லை.

டெஸ்க்டாப்பில் வெற்றிடத்தில் ரைட் கிளிக் செய்து ‘டிஸ்ப்ளே செட்டிங்ஸ்’ போங்கள். ‘டிஸ்ப்ளே ரெசல்யூஷன்’ பட்டியலில் ‘ரெகமெண்டட்’ என்றிருப்பதைத் தேர்ந்தெடுத்து, ‘கீப் சேஞ்சஸ்’ அழுத்துங்கள். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் இதே வழிதான். திரை கறுத்துவிட்டால் பதற வேண்டாம். எதையும் தொடாமல் 15 விநாடி பொறுத்தால் தானே பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

எழுத்தைப் பெரிதாக்குவதை பிரவுசரிடம் விடுங்கள். கன்ட்ரோல் விசையோடு கூட்டல் குறியை அழுத்தினால் 110, 125 சதவீதம் என்று பெரிதாகும்; கன்ட்ரோலும் பூஜ்யமும் அழுத்தினால் 100-க்குத் திரும்பும். ஒவ்வொரு தளத்துக்கும் வைத்த அளவை குரோம் நினைவில் வைத்துக்கொள்ளும். உங்கள் மானிட்டருக்கு 125 சதவீதம் போதும். அப்போது பக்கத்துக்கு ஏறத்தாழ 1093 புள்ளி அகலம் கிடைக்கும்; 1000 புள்ளி அகலத்துக்குக் கட்டிய பழைய தளமும் முழுதாக அடங்கும். 150-க்குப் போனால் 911 தான் மிஞ்சும், மறுபடி ஓரம் வெட்டுப்படும்.

திரையில் உள்ள எல்லாவற்றையும் பெரிதாக்கும் விண்டோஸின் ‘ஸ்கேல்’ அளவை 125 ஆக்கச் சொல்பவர்கள் உண்டு. 21.5 அங்குல, 1920×1080 திரைக்கு அது நல்ல யோசனை. 768 புள்ளி உயரத்தில் வேண்டாம்: சில மென்பொருள்களின் ‘ஓகே’ பொத்தான் திரைக்குக் கீழே போய் ஒளிந்துகொள்ளும். உயரம் பற்றாவிட்டால் எஃப்11 அழுத்துங்கள், பிரவுசரின் மேல்பட்டை மறைந்து படிவத்துக்கு இடம் கிடைக்கும்.

கேள்வி: விண்டோஸ் மறுபடி போட்ட பிறகு ரெசல்யூஷன் பட்டியலில் 1024×768-க்கு மேல் எதுவுமே இல்லை. மானிட்டர் 1920×1080. கெட்டுவிட்டதா? (உசிலம்பட்டி வாசகர்)

பதில்: மானிட்டரைக் குறை சொல்வதற்கு முன் ‘டிவைஸ் மேனேஜர்’ திறந்து, ‘டிஸ்ப்ளே அடாப்டர்ஸ்’ கீழே பாருங்கள். ‘மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்’ என்றிருந்தால் கிராபிக்ஸ் டிரைவர் (திரைக்குப் படம் அனுப்பும் பாகத்தை இயக்கும் மென்பொருள்) இல்லை என்று பொருள். இணைய இணைப்போடு விண்டோஸ் அப்டேட் ஓடவிடுங்கள். வராவிட்டால் மதர்போர்டு நிறுவனத்தின் தளத்தில் மாடல் எண்ணைத் தேடி இறக்குங்கள். டிரைவர் தருவதாகச் சொல்லும் மற்ற தளங்கள் பக்கம் போகவே வேண்டாம்.

டிரைவர் சரியாக இருந்தும் பட்டியல் நீளவில்லை என்றால், நீல முனையுள்ள வி.ஜி.ஏ. கேபிளைக் கழற்றிப் பாருங்கள். மூன்று வரிசை, வரிசைக்கு ஐந்து ஊசி. மானிட்டர் தன் அளவைக் கணினிக்குச் சொல்வது 12, 15-ஆம் ஊசிகள் வழியாக. இரண்டும் மூன்றாம் வரிசையில்தான் இருக்கின்றன. அவற்றில் ஒன்று மடங்கினாலும் படம் வரும், அளவு மட்டும் தெரியாமல் போகும். ஒன்பதாம் ஊசி பல கேபிள்களில் தயாரிப்பிலேயே இருக்காது, அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். மடங்கிய ஊசியை நிமிர்த்தினால் முறியலாம். வேறு கேபிள் போடுங்கள். இரு பக்கமும் எச்.டி.எம்.ஐ. இருந்தால் அதற்கே மாறிவிடுங்கள்.

கேள்வி: எல்.இ.டி. டிவியை எச்.டி.எம்.ஐ. வழியாக மானிட்டராகப் பயன்படுத்துகிறேன். நான்கு ஓரமும் வெட்டுப்பட்டு, டாஸ்க்பார் பாதிதான் தெரிகிறது. (மேலூர் வாசகி)

பதில்: ரெசல்யூஷனைத் தொடாதீர்கள். டிவி ரிமோட்டில் ‘பிக்சர் சைஸ்’ அல்லது ‘ஆஸ்பெக்ட்’ போய், ‘ஜஸ்ட் ஸ்கேன்’, ‘ஸ்கிரீன் ஃபிட்’, ‘ஃபுல் பிக்சல்’ இவற்றில் எது இருக்கிறதோ அதை வையுங்கள். அது இல்லாத டிவியில், எச்.டி.எம்.ஐ. இணைப்புக்கு ‘பி.சி.’ என்று பெயர் மாற்றினால் சில மாடல்களில் சரியாகிவிடும்.