பார்ன் டோர்: கதவுக்கு முன்னால் சுவரைப் பாருங்கள்

கேள்வி: உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்திலேயே புது வீடு கட்டுகிறோம். ஹாலுக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவில் உள்ள நாலடி வழிக்கு, மேலே இரும்புப் பட்டையில் தொங்கி நகரும் பார்ன் டோர் வைக்க ஆசை. மாடி பாத்ரூமுக்கும் அதையே வைக்கலாமா? பழைய சாளை வீட்டை இடித்தபோது எடுத்து வைத்த இரட்டைத் தேக்குக் கதவு ஒன்றும் கிடக்கிறது, அது உதவுமா? ஆசாரியோ, "செவுரு தாங்காதுங்க அம்மணி, உடுங்க" என்கிறார். கட்டடம் இப்போது ஜன்னல் அடிமட்டம் வரை வந்திருக்கிறது.

பதில்: இந்த நிலையிலேயே கேட்டுவிட்டீர்கள், நல்லதாகப் போயிற்று. பெரும்பாலும் பூச்சு முடிந்து, டைல்ஸ் ஒட்டி, பெயிண்ட்டும் அடித்த பிறகுதான் இந்தக் கேள்வி வரும். உங்கள் ஆசாரியின் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதற்காக ஆசையை விட வேண்டியதில்லை. லிண்டல், அதாவது வழிக்கு மேலே வரும் கான்கிரீட் விட்டம், போடுவதற்கு முன்னால் கொத்தனாரிடம் பேசிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

சாதாரணக் கதவின் பாரத்தை நிலையும் கீலும் வாங்கிக்கொள்ளும். பார்ன் டோருக்கு அந்த வசதி கிடையாது, மொத்தப் பாரமும் ரெயிலை, அதாவது அந்த இரும்புப் பட்டையை, பிடித்திருக்கும் சில போல்ட்டுகளில் தொங்குகிறது. எவ்வளவு பாரம் என்று பார்த்துவிடுவோம். வழி 4 அடி அகலம், 7 அடி உயரம். கதவு இரண்டு பக்கமும் இரண்டிரண்டு அங்குலம் சுவரை மூட வேண்டும், மேலேயும் அதே மாதிரி. ஆக, 4 அடி 4 அங்குல அகலமும் 7 அடி 2 அங்குல உயரமும் வரும். 35 மி.மீ. கனத்தில் முழுத் தேக்கில் செய்தால் சுமார் 65 கிலோ. சிமெண்ட் மூட்டை ஒன்றே 50 கிலோதான்.

இப்போது ஆசாரி சொன்ன இடத்துக்கு வருவோம். ரெயிலின் நீளம் கதவின் அகலத்தைப் போல இரண்டு மடங்கு, உங்களுக்கு 8 அடி 8 அங்குலம். சாதாரணமாகப் போடும் லிண்டல் வழியைத் தாண்டி இரண்டு பக்கமும் ஆறிலிருந்து ஒன்பது அங்குலம்தான் சுவரில் உட்காரும். அப்படியானால் ரெயிலில் பாதி கான்கிரீட்டில், மீதிப் பாதி வெறும் செங்கல்லில். நம் வீடுகளில் ஹால் கதவைப் பகலில் யார் மூடுகிறார்கள்? நாள் முழுக்கக் கதவு ஒதுங்கிக் கிடப்பது அந்தச் செங்கல் பக்கம்தான். பூச்சு விரிந்து போல்ட் ஆடத் தொடங்குவதும் அங்கேதான்.

ஆகவே, கதவு ஒதுங்கும் பக்கத்தில் லிண்டலை இன்னொரு நாலரை அடி நீட்டிப் போடச் சொல்லுங்கள். வீட்டைச் சுற்றி ஓடும் லிண்டல் பெல்ட்டாகவே போடுகிறீர்கள் என்றால் கவலையே இல்லை. ரெயில், சக்கரம், போல்ட் எல்லாம் சேர்ந்து வரும் கிட்டை இப்போதே தேர்ந்தெடுத்துவிடுங்கள். ரெயில் எந்த உயரத்தில் வரும் என்பது கிட்டுக்குக் கிட்டு மாறும். துளைகள் லிண்டலின் நடுப்பாகத்தில் விழ வேண்டும், அடி விளிம்பிலோ அதற்கு மேலே வரும் கல்லிலோ விழக் கூடாது. அந்த அளவை வைத்துக்கொண்டு லிண்டல் உயரம் ஆறு அங்குலம் போதுமா, ஒன்பது வேண்டுமா என்று இன்ஜினியர் சொல்லட்டும். கம்பி எந்த மட்டத்தில் ஓடுகிறது என்று கான்கிரீட் போடுவதற்கு முன் டேப் வைத்து ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், பிறகு டிரில் பிட் கம்பியில் முட்டாது.

இன்னொன்று, பரண். நம் ஊரில் லிண்டல் மட்டத்திலேயே பரண் சிலாப்பை நீட்டிவிடுவது வழக்கம். ரெயில் வரும் முகத்தில் பரண் வந்தால் இந்தக் கதவை மறந்துவிட வேண்டியதுதான். அதே சுவரில் ஸ்விட்ச் போர்டும் வேண்டாம் என்று எலக்ட்ரீஷியனிடம் சொல்லிவிடுங்கள். கதவைத் திறந்தால் ஸ்விட்ச் மூடிக்கொள்ளும் வீடுகள் நிறைய உண்டு.

ஆன்லைனில் வாங்கும் கிட்டைப் பற்றி ஒரு எச்சரிக்கை. இதில் பல, மரச் சட்டத்தில் சுவர் எழுப்பும் அமெரிக்க வீடுகளை மனதில் வைத்துச் செய்தவை. கூடவே வரும் நீளத் திருகாணி மரத்தில் ஏறுவதற்கானது. கான்கிரீட்டில், துளைக்குள் விரிந்து பிடித்துக்கொள்ளும் 10 மி.மீ. ஆங்கர் போல்ட்தான் சரி. ரெயில் துளைக்குப் பொருந்துகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். திருகாணியோடு வரும் பிளாஸ்டிக் பிளக்கை நம்பி 65 கிலோவைத் தொங்கவிடாதீர்கள். ஏற்கெனவே கட்டி முடித்த வீட்டில் கேட்பவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: ஆறு அங்குல அகலத்தில் ஒன்றேகால் அங்குல கெட்டி மரப் பலகையை ரெயிலின் முழு நீளத்துக்கும் சுவரில் பொருத்தி, ரெயிலைப் பலகையில் மாட்டலாம். பலகையைப் பிடிக்கும் போல்ட்டை, மூட்டுக் கலவையில் விழாமல் கல்லின் நடுவில் விழும்படி நம் வசதிக்கு வைத்துக்கொள்ளலாம். செங்கல்லிலும் ஹாலோ பிளாக்கிலும், துளையில் பசை செலுத்தி இறுக்கும் கெமிக்கல் ஆங்கர்தான் போட வேண்டும், ஹாலோ பிளாக் என்றால் அதற்கென்று உள்ள சல்லடைக் குழாயோடு. மண் சாந்தில் கட்டிய பழைய சுவரில் எதைப் போட்டாலும் பிடிக்காது. அங்கே தரையிலிருந்து இரண்டு இரும்புத் தூண் நிறுத்தி, அதன் மேல்தான் ரெயிலைத் தாங்க வைக்க வேண்டும்.

பூச்சுக்காரரிடம் அந்தச் சுவரை மட்டும் தூக்குக்குண்டு வைத்துப் பார்த்துப் பூசச் சொல்லுங்கள். தொங்கும் கதவு நேராக நிற்கும், சுவர் வயிறு தள்ளியிருந்தால் உரசும். அடியில் ஒட்டும் ஸ்கர்ட்டிங் டைல் வெளியே துருத்தாமல் சுவரோடு சமமாக இருக்கட்டும்.

அப்புறம், உங்கள் ஊர்க் காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று உடுமலைப் பக்கம் எப்படி அடிக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை, காற்றாலைகளே சாட்சி. ஆனி, ஆடியில் ஜன்னலைத் திறந்து வைத்தால் மேலே மட்டும் பிடிப்புள்ள இந்தக் கதவு சுவரில் டொக் டொக்கென்று அடித்துக்கொண்டே இருக்கும். கதவை ஆடாமல் பிடிக்கும் கைடு அடியில் கட்டாயம் வேண்டும். தரையில் துளை போட்டு வைக்கும் கைடை விட, சுவரோரம் பொருத்தி, இரண்டு சின்ன உருளை கதவைப் பிடித்துக்கொள்ளும் வகை நல்லது. டைல்ஸும் உடையாது, குழந்தைகள் காலிலும் இடிபடாது. கதவு ரெயிலை விட்டு எம்பாமல் தடுக்கும் வில்லையும், இரண்டு முனையிலும் ஸ்டாப்பரும் சரியாக இருக்கின்றனவா என்று நீங்களே பார்த்து வாங்குங்கள். கதவு இடிக்காமல் மெல்ல வந்து நிற்க வைக்கும் சாஃப்ட் குளோஸ் கூடுதல் செலவுதான், ஆனால் சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் நான் போடச் சொல்வேன்.

இதே கதவை வாசலுக்கோ வெளித் திண்ணைக்கோ யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். சுவருக்கும் கதவுக்கும் நடுவில் எப்போதும் அரை அங்குலமாவது இடைவெளி இருக்கும், தோட்டத்துப் புழுதி முழுக்க உள்ளே வரும்.

பாத்ரூமுக்கு வேண்டாம். அதே இடைவெளிதான் காரணம். சத்தம், வாசனை, வெளிச்சம் எதையும் இது முழுதாக மறைக்காது. மாடியில் மாமனார், மாமியார் தங்குவார்கள் என்றால் இன்னும் சங்கடம். அங்கே சாதாரணக் கதவே போதும். ஏசி அறைக்கும் இது ஒத்துவராது. ஹால், சாப்பாட்டு அறை, துணி அலமாரி, புத்தக அறை, இதற்கெல்லாம் தாராளமாகப் போடலாம்.

பழைய தேக்குக் கதவைப் பொறுத்தவரை, மரம் நல்ல மரமாகத்தான் இருக்கும், இத்தனை வருஷம் காய்ந்தது இனிக் கோணாது. ஆனால் இரண்டு விஷயம் பாருங்கள். கீலுக்குப் பதிலாகக் குழியில் சுழலும் குடுமி மேலும் கீழும் நீட்டியிருந்தால் அதை அறுத்தாக வேண்டும். இரண்டு சிறகையும் சேர்த்தாலும் உங்கள் வழியை விடக் குறுகலாகவோ குட்டையாகவோ வர நிறைய வாய்ப்பு இருக்கிறது. அப்போது கதவை வழிக்காக ஒட்டுப்போடாதீர்கள், கட்டடம்தான் இன்னும் எழும்பவில்லையே, வழியைக் கதவுக்குத் தக்கபடி சுருக்கிவிடலாம். நான் உங்கள் இடத்தில் இருந்தால் சிறகுகளைச் சேர்த்து ஒரே பலகையாக்க மாட்டேன். நடுவில் சந்தித்து ஆளுக்கொரு பக்கம் ஒதுங்கும்படி தனித்தனியாகத் தொங்கவிடுவேன். பாரமும் இரண்டு பக்கமாகப் பிரியும். லிண்டலை மட்டும் இரண்டு பக்கமும் நீட்ட வேண்டியிருக்கும். முதலில் எடை மேடையில் ஒருமுறை நிறுத்திப் பாருங்கள். பழைய கதவுகள் கனத்தில் ஏமாற்றும். கிட் தாங்கும் என்று போட்டிருக்கும் எடை, கதவின் எடையைப் போல ஒன்றரை மடங்காவது இருக்கட்டும்.

அவ்வளவு கனம் தாங்கும் கிட் கிடைக்காவிட்டால் கோவைக்கு வாருங்கள். கணபதி, பீளமேட்டுப் பக்கம் உள்ள லேத் பட்டறைகளில் 40க்கு 6 மி.மீ. இரும்புப் பட்டையில் ரெயிலும், பேரிங் வைத்த சக்கரமும் உங்கள் அளவுக்கே கடைந்து தருவார்கள். பட்டையின் மேல் விளிம்பை உருட்டித் தரச் சொல்லுங்கள், கூர்மையாக இருந்தால் சக்கரம் கத்தும். பவுடர் கோட்டிங் அடிப்பதற்கு முன்னால் பட்டறையிலேயே கதவை மாட்டி இரண்டு பக்கமும் ஓட்டிப் பார்த்துவிடுங்கள். முடிந்தால் ஆசாரியையும் கூடவே கூட்டிப் போங்கள்.